மாமனாரின் காலும் மகளின் உயரமும்: யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போகும் டெல்டா குடும்பத்துக்கு

மன்னார்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மே மாத லீவில் நானும் கணவரும், மாமனார் மாமியார், பதினொரு வயது மகன், ஐந்து வயது மகள் எல்லோருமாகப் போகிறோம். அங்குள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை நாங்கள் பார்த்தது வேளாங்கண்ணித் திருவிழா ராட்டினமும் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரும்தான். வெளிநாட்டில் எப்படி இருக்கும், எதற்குத் தயாராகப் போக வேண்டும்? அடுத்த வருஷம் டிஸ்னிலேண்ட் போகவும் ஆசை. எந்த ஊர் டிஸ்னி எங்களுக்குச் சரிப்படும்?”

கும்பகோணத்திலிருந்து குடும்பங்களைச் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், ஜப்பான் என்று அழைத்துப் போவது என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்த ராட்டினம் பெரிசு, எது பிரபலம் என்று பட்டியல் போட்டு நாளைத் திட்டமிடாதீர்கள். வீட்டில் யாருக்குச் சீக்கிரம் கால் வலிக்கும், யார் உயரம் குறைவு, இந்த இரண்டையும் வைத்துத் திட்டமிடுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

உங்கள் மகளிடமிருந்து ஆரம்பிப்போம். டிக்கெட் வாங்கத்தான் வயது. 4 முதல் 12 வயது வரை குழந்தைக் கட்டணம், 60 நிறைந்தவர்களுக்கு முதியோர் கட்டணம். உள்ளே போய்விட்டால் உயரம் மட்டும்தான் பேசும். ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் அளவுகோல் நிற்கும். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுக்கு 107, மம்மிக்கு 122, சிவப்பும் நீலமுமாக இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. ஐந்து வயதுப் பெண் பிள்ளை பெரும்பாலும் 105-ஐ ஒட்டி இருப்பாள். அப்படியென்றால் டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஏறுவாள், படகில் ஏற முடியாது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் வந்து இது தெரிந்தால் பிள்ளை தேம்பித் தேம்பி அழும். ஊரிலேயே தையல் டேப்பை வைத்து அளந்து, “இதில் நீ போகலாம், அதில் அண்ணன் மட்டும்” என்று பேசி வைத்துவிடுங்கள். உயர வரம்புகள் மாறுவதும் உண்டு. கிளம்பும் வாரம் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இந்த அளவுகோல் பக்கத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். திருவையாறு பக்கத்துத் தாத்தா ஒருவர், பேரனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “தம்பி, நான் மடியில வச்சுக்கிறேன், ஒரு ரெண்டு விரக்கடைதானே குறையுது” என்றார். வாசலில் நின்ற பையனும் தமிழ்ப் பையன்தான். கை இரண்டையும் சேர்த்து, “மன்னிச்சிடுங்க ஐயா, முடியாது” என்றான். தாத்தா சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். அவனும் முகம் மாறாமல் அதையே மறுபடியும் சொன்னான். பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை, ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் மேல் தப்பில்லை. நம் ஊர்த் திருவிழாவில் ராட்டினக்காரர் ஆளைப் பார்த்து, பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று பார்த்து, கண் அளவில் முடிவு செய்வார். கேட்டால் இரங்குவார். அங்கே இருக்கையின் தடுப்புக் கம்பி இன்ன உயரத்துக்கு மேற்பட்ட உடம்பைத்தான் பிடித்து வைக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. அந்தப் பையன் இரங்கினால் வேலை போகும், அதைவிடப் பெரிய ஆபத்தும் வரலாம். தமிழில் பேசுகிறாரே என்பதற்காக “கொஞ்சம் விடுங்க அண்ணே” என்று கேட்டு அவர்களைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். மாமனாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகனை அழைத்துக்கொண்டு நீங்கள் பெரிய சவாரிக்குப் போனால் மகளை யார் பார்த்துக்கொள்வது? இதற்கென்றே ‘சைல்டு ஸ்வாப்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீங்களும் கணவரும் சேர்ந்து வரிசையில் போகலாம். ஒருவர் சவாரி போய்வரும் வரை இன்னொருவர் பிள்ளையோடு காத்திருப்பார். பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். கேட்டால்தான் சொல்வார்கள், அதனால் வாசலிலேயே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால், பாட்டிக்கு அன்றைக்கு ஒன்றுமே மிஞ்சாது.

சரி, மாமனார் மாமியார். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் மாலை வரை நடைதான். வயலுக்கும் வரப்புக்கும் நடந்து பழகிய கால்கள்தானே என்று நினைப்போம். ஆனால் சிமெண்டுத் தரையில், புழுக்கத்தில், நின்று நின்று நடப்பது வேறு. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். தயங்காமல் காலையிலேயே எடுத்துவிடுங்கள். “எனக்கென்ன நோயா?” என்று மாமனார் மறுப்பார். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் உரியது என்று அங்கே யாரும் அதைப் பார்ப்பதில்லை. பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டே போங்கள், மூன்று மணிக்கு மேல் அவராகவே உட்கார்ந்துவிடுவார். மதிய வெயிலில் உட்கார்ந்து பார்க்கும் காட்சிகளுக்குப் போய்விடுங்கள். வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சி பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். வெடிச்சத்தமும் நெருப்பும் தண்ணீரும் என்று மொழி புரியாமலே ரசிக்கலாம். முன்வரிசைகளில் உட்கார்ந்தால் தொப்பலாக நனைவீர்கள், நடுவிலோ மேலேயோ உட்காருங்கள். இதயக் கோளாறு, கழுத்து முதுகுப் பிரச்சினை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று வாசலில் எழுதியிருப்பதைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம்.

நகரும் படிக்கட்டைக் கண்டால் மாமியாருக்குப் பயம் என்றாலும் கவலையில்லை. சிங்கப்பூர் ரயில் நிலையம் ஒவ்வொன்றிலும் லிஃப்ட் இருக்கிறது. நகரும் படிக்கட்டில் ஏறினால் இடப்பக்கம் நின்றுகொள்ள வேண்டும், வலப்பக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்கு.

இனி சாப்பாடு. நம் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் மனம் உடையும் இடம் இதுதான். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் கட்டாமல் நாம் எங்கே போயிருக்கிறோம்? ஒரு பூங்காவின் வாசலில் நம் ஊர் அம்மா ஒருவரின் பையைச் சோதனை செய்த பெண், எவர்சில்வர் தூக்கை வெளியே எடுத்து மூடியைத் திறந்தார். விடியற்காலையில் எழுந்து செய்த புளியோதரை, மேலே வறுத்த வேர்க்கடலை. வாசனை அடித்தது. அந்தப் பெண்ணே ஒரு நொடி சிரித்துவிட்டு, உள்ளே கொண்டுபோக முடியாது என்று சைகை காட்டினார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. குழந்தை உணவும் குடிதண்ணீரும் போகலாம், சமைத்த சாப்பாடு போகாது. பெரும்பாலான பூங்காக்களில் இதுதான் விதி.

இது நமக்கு மட்டும் உறைக்கிற விஷயமில்லை. ஷாங்காய் டிஸ்னிலேண்டில் வெளிச் சாப்பாட்டைத் தடுத்ததை எதிர்த்து ஒரு சட்டக்கல்லூரி மாணவி வழக்குப் போட்டார். வாங்கிப்போன தின்பண்டங்களைப் பறிகொடுத்த கோபம் அவருக்கு. சீனா முழுவதும் அது பேச்சாகி, 2019-ல் பூங்கா விதியைத் தளர்த்தியது. இன்றைக்கு அங்கே சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம். சூடுபடுத்த வேண்டியதும் கடும் வாடை அடிப்பதும் மட்டும் கூடாது. பாரிஸ் டிஸ்னி 1992-ல் திறந்தபோது பூங்காவுக்குள் ஒயின் கிடையாது என்றார்கள். ஒயின் இல்லாமல் மதியச் சாப்பாடா என்று பிரெஞ்சுக்காரர்கள் முகம் சுளிக்க, அடுத்த வருஷமே கொடுக்க ஆரம்பித்தார்கள். அதோடு அவர்கள் எல்லோரும் பகல் ஒரு மணி வாக்கில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். நடந்துகொண்டே கொறிக்கும் அமெரிக்க வழக்கத்தை நம்பிக் கட்டிய உணவகங்கள் திணறிப்போயின. வயிற்று வழக்கத்தின் முன்னால் பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்திருக்கின்றன. ஆனால் நீங்கள் போகும் அன்றைக்கு என்ன விதியோ அதுதான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். காலையில் தம்பி வீட்டில் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மதியம் உள்ளே பன்னிரண்டு அடிக்குமுன் சாப்பிட்டுவிடுங்கள், பிறகு கூட்டம். மாமியார் சைவம் என்றால், சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை, மீன் சாறு, இறால் தூள் இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சைவம் என்று விற்கும் நூடுல்ஸின் குழம்பில் இவை இருக்கலாம். ஜப்பானில் இது இன்னும் கடினம், காய்கறிச் சூப்பும் மீன் சாறில் கொதித்திருக்கும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் சுலபம், ஹலால் சான்று கடையிலேயே மாட்டியிருக்கும்.

பூங்காவுக்கு வெளியே ஹாக்கர் சென்டரில், அதாவது பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், சாப்பிடும்போது காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அது ஆள் பிடித்து வைத்த இடம். எடுத்துப்போட்டுவிட்டு உட்காரக்கூடாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது சட்டமே.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் நின்று இடம்பிடிக்க, மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்துகொள்வது நமக்குச் சகஜம். அங்கே அது பெரிய மரியாதைக் குறைவு. கழிப்பறை போக வேண்டியவர்கள் வரிசையில் சேர்வதற்கு முன்பே போய்விட வேண்டும். முன்னால் நிற்பவர் முதுகில் படாமல் ஒரு கை தூரம் விடுங்கள். இடைவெளி விட்டால் யாராவது புகுந்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம், புகமாட்டார்கள். ‘எக்ஸ்பிரஸ்’ என்ற கூடுதல் டிக்கெட் நம் கோயில் சிறப்பு தரிசனம் மாதிரிதான், பணம் கட்டினால் தனி வரிசை. விலை நாளுக்கு நாள் மாறும். மே மாத முதல் பாதியில், வார நாளில் போனால் அது தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம். மே கடைசியில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு லீவு விட்டு ஜூன் முழுக்க ஓடும், அப்போது நிலைமை வேறு. தனியாக ஏறுகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு, உங்கள் மகனுக்கு உயரமும் துணிச்சலும் இருந்தால் அதில் சீக்கிரம் போய்வரலாம். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில்தான் இடம் கொடுப்பார்கள்.

தீபாவளியை ஒட்டிப் போக நினைக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் முதல் வாரம் வரை பல இரவுகளில் ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ என்ற பேய்த் திருவிழா நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் வழக்கமான டிக்கெட்காரர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உடை விஷயத்தில் பெண்களுக்குத்தான் சிரமம் அதிகம். புடவையில் போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் வேகச் சவாரிகளில் முந்தானையும் துப்பட்டாவும் காற்றில் பறந்தால் ஆபத்து. சுடிதார் போட்டு, துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுவது உத்தமம். செருப்பு வார் வைத்ததாக இருக்கட்டும். சவாரிக்குப் பக்கத்து லாக்கர் குறிப்பிட்ட நேரம் வரைதான் இலவசம், அதற்கு மேல் காசு. தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், மற்ற நகைகள் வேண்டவே வேண்டாம். ஜுராசிக் படகில் நனைவது நிச்சயம். மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஊரிலேயே வாங்கிக்கொண்டு போனால் காசு மிச்சம். போனுக்கு ஒரு ஜிப் கவர். பக்கத்திலுள்ள அட்வென்ச்சர் கோவ் தண்ணீர்ப் பூங்காவுக்கும் போவதாக இருந்தால், ஆடிப்பெருக்குக்குக் காவிரியில் இறங்குகிற மாதிரி புடவையோடும் பருத்திச் சுடிதாரோடும் இறங்க முடியாது. நீச்சல் உடைத் துணியில்தான் விடுவார்கள். உடம்பு முழுவதும் மூடும் நீச்சல் உடை நம் ஊரிலேயே கிடைக்கிறது. பருத்தித் துணி தண்ணீரில் கனத்துச் சறுக்குப் பாதையில் சிக்கிக்கொள்ளும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

கழிப்பறை பற்றி யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, பெரியவர்கள் ரொம்ப அவதிப்படுவது இதில்தான். பல இடங்களில் காகிதம் மட்டும் இருக்கும், தண்ணீர்க் குழாய் இருக்காது. கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. தரை நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போகும் வழி சுலபம். தம்பி, லிட்டில் இந்தியா என்கிற தேக்கா பக்கம் இருந்தால் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ஹார்பர்ஃப்ரண்டில் இறங்குங்கள். மேலே விவோசிட்டி மால், அதன் மூன்றாம் மாடியில் செந்தோசா தீவுக்குப் போகும் மோனோரயில். போகும்போது கட்டணம், திரும்பும்போது இல்லை. மரப்பலகை நடைபாதையில் நடந்தும் போகலாம், மாமனாரை வைத்துக்கொண்டு வேண்டாம். ரயிலுக்குள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம் 500 டாலர் வரை போகும். மகளுக்கு முறுக்கு கொடுக்க வேண்டுமானாலும் இறங்கிய பிறகு, நிலையத்தை விட்டு வெளியே வந்துதான்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் நாலு மணி நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு விமானத்தில் விடியற்காலை இறங்கி, அன்றைக்கே பூங்காவுக்குப் போகத் துடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். தூக்கம் கெட்ட குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் அந்தப் புழுக்கம் தாங்காது. இடி மின்னல் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்பாது. பிற்பகலில்தான் அங்கே மழை அதிகம் என்பதால் வெளியில் உள்ள சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது இயந்திரம் ரூபாயா டாலரா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் மெனுவில் போட்ட விலைக்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் சேரும். டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை, பேரமும் கிடையாது.

பெட்டி கட்டும்போது இரண்டு பொருளை மறந்தும் வைக்காதீர்கள். ஒன்று கசகசா. குருமாவுக்கு ஆகும் என்று தம்பி மனைவிக்காகப் பொட்டலம் கட்டிவிடுவார்கள், அது அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். இன்னொன்று புகையிலை. மாமனார் வெற்றிலை போடுகிறவராக இருந்தால் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையோடு சேர்த்துப் புகையிலையையும் வைத்துவிடப் போகிறார். மெல்லும் புகையிலைக்கு சிங்கப்பூரில் தடை. வெற்றிலை போட்டாலும் தெருவில் துப்பினால் அபராதம். விசாவோடு, இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

இனி டிஸ்னி. ஹாங்காங்கா டோக்கியோவா என்றால், உங்கள் குடும்பத்துக்கு நான் ஹாங்காங்கைத்தான் சொல்வேன். 2005-ல் திறந்தது, அளவில் சிறியது, சின்னப் பிள்ளைகளுக்கான சவாரிகள் நிறைய. மாமனாருக்கு அங்கே ஒரு விஷயம் சுவாரசியமாக இருக்கும். நாம் வாஸ்து பார்ப்பது போல் அவர்கள் ஃபெங்சுயி பார்த்து, வாசலின் திசையை 12 டிகிரி திருப்பிக் கட்டினார்கள். நாலு அவர்களுக்கு ராசியில்லாத எண் என்பதால் ஹோட்டல் லிஃப்டில் நாலாம் மாடிக்குப் பொத்தானே கிடையாது. இந்தியர்கள் கிளம்புமுன் இணையத்தில் இலவசமாக முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம்.

டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983-லிருந்து நடக்கிறது, அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் டிஸ்னி. ஒழுங்கிலும் சுத்தத்திலும் அதற்கு ஈடு கிடையாது. அந்த ஒழுங்குக்கு ஈடுகொடுக்கக் குடும்பம் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். ஊர்வலம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாய் மாதிரி விரிப்பைப் போட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். தேர் பார்க்கத் தோளில் தூக்குகிற மாதிரி பிள்ளையைத் தூக்கினால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், அதை விரும்பமாட்டார்கள். அழகாக இருக்கிறதே என்று பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவதோ படம் எடுப்பதோ கூடவே கூடாது. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அங்கே தேசம் முழுக்க விடுமுறை, நம் கோடை லீவின் அந்தப் பகுதியில் போனால் கூட்டத்தைத் தவிர வேறொன்றும் பார்க்க முடியாது. மாமியாரின் சைவச் சாப்பாட்டுக்கும் அங்கே வழி குறைவு. மகளுக்கு ஒன்பது பத்து வயதாகி, பெரிய சவாரிகளில் எல்லாம் ஏற முடிகிறபோது நீங்கள் நாலு பேரும் மட்டும் டோக்கியோ போய்வாருங்கள். அதுவரை பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போக ஹாங்காங் போதும்.